தரைக்கு ஒரு முழம் மேலே நின்ற பட்டாள லாரி

பட்டாளத்து லாரிப் பட்டறையில் பழுது பார்த்து முடித்த ஒரு கனரக லாரி, தரைக்கு ஒரு முழம் மேலே நின்றது. அதே வாரம் டீசல் விலையும் ஏறியிருந்ததால் ஊரில் டீசலைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். லாரி நின்றதற்குக் காரணம் புருஷன் பெண்டாட்டி சண்டை. புருஷன் அங்கே ஃபிட்டர், பெண்டாட்டி அங்கேயே கிரேன் ஓட்டுகிறவள்.

இந்த மாதிரி லாரிகளில் பின் ஆக்சில்களை முன்னே பின்னே நகரவிடாமல் சட்டத்தோடு பிடித்து வைத்திருப்பவை டார்க் ராடுகள். கை மொத்தத்துக்கு இரும்புக் கம்பி, இரண்டு முனையிலும் புஷ் என்கிற ரப்பர் வளையம். கரடுமுரடான பாதையில் ஓடி ஓடி ரப்பர் நைந்துபோனால் கம்பியையே மாற்ற வேண்டும். அவள் வண்டியைத் தூக்குவாள், அவன் பழைய கம்பியைத் தட்டிக் கழற்றிப் புதியதை மாட்டி, நட்டைக் கையால் மட்டும் திருகிவிட்டு "இறக்கு" என்பான், அவள் இறக்குவாள், வண்டியின் பாரம் சக்கரத்தில் உட்கார்ந்த பிறகுதான் நீளமான ஸ்பேனரைப் போட்டுக் கடைசி இறுக்கு இறுக்குவான். ரப்பர் அப்படிப்பட்டது. எந்த நிலையில் இறுக்குகிறோமோ அதையே தன் சொந்த வீடு என்று நம்பிவிடும். கல்யாணமான நாளிலிருந்து இருவரும் இந்த முறை தப்பாமல்தான் வேலை பார்த்தார்கள்.

அன்றைக்கு அவன் வாய் சும்மா இருக்கவில்லை. எல்லார் முன்னாலும், நீ இறக்குவது லாரியா மாவு மூட்டையா என்று கேட்டுவிட்டான். அவள் பின்பக்கத்தை மட்டும் தூக்க வேண்டிய வண்டியை முழுசாகத் தூக்கி அந்தரத்தில் தொங்கவிட்டு, கிரேன் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். போகிற வழியில் பட்டறைக்குப் பொறுப்பான மேஜரைப் பார்த்துத் துறைமுகத்துப் பட்டறைக்கு மாற்றலும் வாங்கிவிட்டாள். திங்கட்கிழமை அங்கே சேர வேண்டும்.

ஃபிட்டர் என்ன செய்திருக்க வேண்டும்? நேரே போய் இறக்கித் தரச் சொல்லியிருக்க வேண்டும். இவன் வீம்புக்குப் பிறந்தவன். தொங்குகிற வண்டிக்கடியில் உட்கார்ந்துகொண்டே எல்லா நட்டையும் மூச்சைப் பிடித்து இறுக்கினான். கடைசி நட்டு இறுகியதும் சங்கிலி தானாகத் தளர்ந்தது. கொக்கியைக் கழற்றினான். வண்டி இறங்கவில்லை.

மேஜர் வந்து, சக்கரத்துக்கடியில் கையை விட்டுத் துழாவிப் பார்த்தார். சிப்பாய்களை ஏறிக் குதிக்கச் சொன்னார். அவர்களுக்குத்தான் குஷி, வண்டி ஒரு விரற்கடைகூட அசங்கவில்லை. இனி டயர் தேயாது என்று மேஜர் சந்தோஷப்பட்டார். ஓட்டிப் பார்த்தபோதுதான் சக்கரம் காற்றில் சும்மா சுற்றுவது தெரிந்தது. ஆனால் ஒற்றை விரலால் தள்ளினால் போதும், பூனைக்குட்டி போலப் போனது. பிரேக்குக்கு அடங்காததால் மாட்டைக் கட்டுவது போல மரத்தில் கட்டி வைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வரை ஃபிட்டருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. சட்டையைத் தேடினால் அவளுடைய ஊக்கு குத்தியது. சோறு வடித்தால் இருவருக்கு வடித்தான். விடிந்தால் அவள் பஸ் ஏறிவிடுவாள். ஞாயிறு மத்தியானம் எழுந்து போய்க் கயிற்றை அவிழ்த்துவிட்டு, டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். காற்று தள்ளியது.

பட்டறை மேட்டில் இருந்தது. அக்கா வீட்டுக்குப் போகும் தெரு சரிவு. தெரு இறங்கியது, லாரி இறங்கவில்லை. முதலில் சைக்கிள்காரர்கள் தலைக்கு மேலே, அப்புறம் கடைப் பலகைகளுக்கு மேலே. சவரக்கடைக்காரர் வெளிச்சம் மறைக்கிறது, சீக்கிரம் நகருங்கள் என்றார். ஒருத்தி மாடியில் காயப்போட்ட போர்வை கண்ணாடியில் சிக்கிக்கொள்ள, திரும்பி வரும்போது கொடுத்தால் போதும் என்று கத்தி அனுப்பினாள். தெரு முடிகிற இடத்தில் அக்கா வீட்டு மாடிக் கைப்பிடியில் பம்பர் இடித்து நின்றது.

அக்காதான் முதலில் எட்டிப் பார்த்தாள். "வாங்க தம்பி. வாசல் கீழ இருக்கு, மறந்துட்டீங்களா?"

பின்னாலேயே தங்கை வந்தாள், கையில் பாதி மடித்த புடவை. அவன் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து ஆக்சிலைப் பார்த்தாள்.

"தொங்குறப்பவே இறுக்கிட்டீங்களா?"

"ம்."

"தெரியாமயா?"

"தெரிஞ்சுதான். இறக்குன்னு உன்கிட்ட வந்து கேக்கணுமே."

"இப்ப மட்டும் கேக்க வந்தீங்களாக்கும்."

அவன் போர்வையைக் கண்ணாடியிலிருந்து பிரிப்பது போல நேரம் கடத்தினான். பிறகு சொன்னான்: "இறக்கி விடு. நீ இல்லாம எனக்கு இறங்கத் தெரியல. மாவு மூட்டை நான்தான்."

அக்கா சிரிப்பை அடக்க உள்ளே ஓடினாள். தங்கை புடவையை இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டு கைப்பிடி தாண்டி லாரியில் குதித்தாள். ஸ்பேனரை வாங்கிச் சட்டத்திலிருந்து தலைகீழாகத் தொங்கினாள்; அவன் அவள் காலைப் பிடித்துக்கொண்டான். ஒரு நட்டைத் தளர்த்தினால் வண்டி ஒரு சாண் இறங்கியது. அடுத்ததற்கு இன்னொரு சாண். ஒவ்வொரு இறக்கத்துக்கும் வயிறு கூசி இருவரும் சிரித்த சிரிப்பில் ஸ்பேனர் இரண்டு முறை கீழே விழுந்தது, தெருவில் போனவர்கள் எடுத்து மேலே எறிந்தார்கள். கடைசியில் வண்டி, முட்டை மேல் உட்காரும் கோழி போல அலுங்காமல் தெருவில் உட்கார்ந்தது. பாரம் படிந்ததும் அவன் முறையாக இறுக்கினான். இருவரும் அதையே ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள், வழியில் போர்வையைக் கொடுத்துவிட்டு.

மாற்றலை ரத்து செய்யக் காரணம் கேட்ட மேஜரிடம், இங்கேயே இறக்க வேண்டிய வேலை நிறைய இருக்கிறது என்றாள் அவள். அவர் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகும் அவர்கள் சண்டை போடாமல் இல்லை. வருஷத்துக்கு இரண்டு தடவையாவது பட்டறைக் கூரைக்கு மேலே ஒரு லாரி தெரியும். அன்றைக்குப் பக்கத்து வீட்டுக்காரி ஒன்றும் கேட்க மாட்டாள். உலையில் இரண்டு பிடி அரிசி கூடப் போட்டு, அவனுக்கு ஒரு தட்டை அவர்கள் முன்வாசலிலும் அவளுக்கு இன்னொன்றைப் பின்வாசலிலும் வைத்துவிட்டு வருவாள்.