காய்ந்த அரளி

காலை ஐந்தே முக்காலுக்கு ஒன்பது பெண்களின் கத்தரிகள் வேலையைத் தொடங்கிவிடும். காஞ்சன்பாக் பக்கத்தில் உள்ள அந்தக் குடியிருப்பின் சுற்றுச்சுவர் ஓரம் ஒரு கிலோமீட்டருக்கு அரளி. தலைக்கு மேல் போன கொம்பை எட்டிப் பிடித்து வெட்டினால், வெட்டுவாயிலிருந்து பால் கசிந்து மணிக்கட்டைத் தாண்டி முழங்கை வரை இறங்கும். கையுறை கிடையாது. பழைய காலுறையை விரல் பக்கம் அறுத்துக் கையில் மாட்டிக்கொள்வார்கள். என் அம்மா ருக்மிணியின் இடது புறங்கை எப்போதும் வெந்த மாதிரி இருக்கும்.

அரளியிடம் எனக்குக் கோபமில்லை. தண்ணீர் கேட்காது. ஆடு மாடு வாய் வைக்காது. ஹைதராபாத்தின் மே மாதத்திலும் பூக்கும். பஸ் புகையைத் தான் வாங்கிக்கொண்டு ஆபீசர் வீட்டு ஜன்னல்களைக் காக்கும். பூஜைக்கும் ஆகும். செலவில்லாத வேலி. ஒப்பந்தக்காரர் இளங்கோவனுக்கு எங்கள் பெண்களைப் பிடித்ததும் இதே காரணங்களுக்காகத்தான்.

நான் ஷர்மிளா. பி.எஸ்சி. தாவரவியல். எங்கள் வீட்டின் முதல் பட்டம். அதை வைத்துக்கொண்டு கிடைத்த வேலை, இளங்கோவனின் ஆபீசில் இங்கிலீஷ் கடிதம் அடிப்பது.

வேலைக்காரர்களுக்கு ஆறரைக்குக் கேனில் டீ வந்துகொண்டிருந்தது. கார்த்திகையில் அதை நிறுத்தினார். பெண்கள் ஸ்டவ் கொண்டுபோனார்கள். கேட்டில் காவலாளிகள் பிடுங்கிக்கொண்டார்கள், கரண்டியோடு சேர்த்து. உள்ளே தீ மூட்டினால் கேட் பாஸ் ரத்து என்று பலகை வேறு. அதனால் பம்ப் ரூமுக்குப் பின்னால் திருட்டு அடுப்பு. மூன்று கல், ஒரு அலுமினியச் சட்டி, போன மாதம் வெட்டிப்போட்டுக் காய்ந்த அரளி விறகு. கலக்குவதற்குத் தோல் உரித்த ஓர் அரளிக் குச்சி.

பச்சை அரளி விஷம் என்று ஒன்பது பேருக்கும் தெரியும். காய்ந்து பால் வற்றினால் விஷமும் போய்விடும் என்று ஒன்பது பேரும் நம்பினார்கள். போகாது. காய்ந்தாலும் போகாது, எரித்தால் புகையிலும் வரும். இரண்டாம் வருடப் பரீட்சையில் இதை எழுதி நான் மார்க் வாங்கியிருக்கிறேன். அம்மா காலையில் எதில் டீ போட்டுக் குடிக்கிறாள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

டீ போடுவது ஜுலைகா. குனிந்து புகையை ஊதி ஊதி மூட்டுவாள். எல்லோருக்கும் ஊற்றிவிட்டு, குச்சி ஊறிக்கிடந்த அடிமண்டியைத் தான் குடிப்பாள். பொங்கல் முடிந்த வாரம், வியாழக்கிழமை, கொம்பை எட்டிப் பிடித்தவள் அப்படியே உட்கார்ந்தாள்.

“ருக்கு, எல்லாம் மஞ்சளா தெரியுது” என்றாளாம்.

“கல்யாண வீட்டுக்கு வந்துட்டியா?” என்று பக்கத்தில் வெட்டிக்கொண்டிருந்த பிந்து சிரித்தாளாம். அதற்குள் வாந்தி.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது நாடி முப்பத்தெட்டு. என்ன சாப்பிட்டாள் என்று டாக்டரம்மா மூன்று முறை கேட்டும் எட்டுப் பேரும் தரையைப் பார்த்தார்கள். வாயைத் திறந்தால் பாஸ் போய்விடும். பிந்துவைத் தனியே இழுத்துப்போய் உலுக்கினேன். “குச்சிதான், ஷர்மி. ஆனா காஞ்ச குச்சி” என்றாள். டாக்டரிடம் ஓடினேன்.

பத்து மணிக்கு இளங்கோவன் வந்தார்.

“ஷர்மிளா, விபத்து அறிக்கை எல்லாம் வேணாம். குடும்பத் தகராறு, தானே அரளியைத் தின்னுட்டாள்னு ஒரு லெட்டர் அடிச்சிடு.”

“அவங்க எங்க சார் தின்னாங்க? டீ குடிச்சாங்க.”

“காஞ்ச குச்சியில என்ன இருக்கு? சும்மா புக் படிச்சிட்டுப் பேசாத.”

“டீயை நிறுத்தினது யாரு சார்? கையுறை கேட்டு மூணு லெட்டர் நானே அடிச்சேன். உங்க மேஜையிலதான் கெடக்குது.”

“டீன்னு எழுதிப் பாரு. தீ மூட்டினதுக்கு ஒன்பது பாஸும் போகும். உங்கம்மா பாஸும்தான். தின்னாள்னு எழுதினா நாளைக்கே எல்லாரும் வேலைக்கு வரலாம். நம்ம தமிழ் ஆளுங்களாச்சேன்னு சொல்றேன். சாயங்காலத்துக்குள்ள பேப்பர் வேணும்.”

அந்தப் பேப்பர் போனால் இஎஸ்ஐ இன்சூரன்ஸ் கையை விரித்துவிடும். போலீஸ், ஆட்டோ ஓட்டும் ஜுலைகாவின் புருஷனைக் கூட்டிக்கொண்டுபோய் என்ன தகராறு என்று கேட்கும். அந்த மனிதர் வார்டு வாசலில் செருப்புகூட இல்லாமல் நின்றுகொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரி சைக்கிள் ஸ்டாண்டில் கூடினோம். முதலில் பேசியது என் அம்மா.

“அவர் சொன்ன மாதிரியே எழுதிடு, ஷர்மி. எட்டு வீட்டுச் சோறு.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “உனக்குத் தலை சுத்தறது எப்பலேர்ந்து?”

“அது பித்தம்டி.”

“எப்பலேர்ந்துன்னு கேட்டேன்.”

அம்மா விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். “கார்த்திகையிலேர்ந்து.”

“எனக்கு வயித்தால போகுது. டீத்தூள் மட்டம்னு நெனச்சேன்” என்றாள் பிந்து. இன்னொருத்திக்குக் குமட்டல். இன்னொருத்திக்குப் படபடப்பு. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“காஞ்சாலும் விஷம்தான். எனக்குத் தெரியும்” என்றேன்.

“தெரிஞ்சு வெச்சிக்கிட்டு எங்க போயிருந்த?” என்றாள் பிந்து.

மதியம் உள்ளே விட்டார்கள். ஜுலைகாவின் மார்பெல்லாம் ஒயர். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: “நக்கோ, ருக்கு, வேணாம். என்னால யாருக்கும் பாஸ் போக நக்கோ. நானே தின்னேன்னு எழுதிக்கச் சொல்லு.”

அம்மா அவளை வெறித்துப் பார்த்தாள்.

“போடி இவளே. எங்களுக்கெல்லாம் ஊத்திட்டு மண்டியை நீ குடிச்ச. இப்ப பழியையும் நீயே குடிப்பியா?” என்னிடம் திரும்பினாள். “எழுது. ஒன்பது பேரும் குடிச்சோம்னு எழுது. தீ மூட்டினோம்னும் எழுது. எதுக்கு மூட்டினோம்னும் எழுது. மொதல்ல என் பேரு.”

ஆபீஸ் கம்ப்யூட்டரில் அடிக்கவில்லை. தமிழில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று, கையால் எழுதினேன். எட்டுக் கையெழுத்து. அடியில் ஜுலைகா படுத்தபடியே போட்ட ஒன்பதாவது. குடியிருப்பு ஆபீசிலும் இஎஸ்ஐயிலும் கொடுத்து முத்திரை வாங்கிக்கொண்டு, என் வேலையையும் விட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை ஐந்தே முக்கால். கேட்டில் எட்டுப் பாஸும் செல்லவில்லை. யாரும் வீட்டுக்குத் திரும்பவும் இல்லை. கேட்டுக்கு வெளியே, ரோட்டோரம், பிந்து வீட்டிலிருந்து கொண்டுவந்த ஸ்டவ் எரிந்தது. புதுக் கரண்டியால் அம்மா டீயைக் கலக்கினாள். இளங்கோவனின் கார் வந்து நின்றது.

“என்ன கூத்து இது? ரோடா, ஓட்டலா?”

“வாங்க சார், டீ குடிங்க” என்று அம்மா ஒரு டம்ளரை நீட்டினாள். “சர்க்கரை அடியில நிக்குது. கலக்கிக்கோங்க.” இன்னொரு கையில் தோல் உரித்த அரளிக் குச்சி. “காஞ்சதுதான் சார். இதுல ஒண்ணும் இல்லேன்னீங்களே.”

அவர் ஓரடி பின்னால் போனார். கேட்டில் நின்ற காவலாளி அதைப் பார்த்தார். வாக்கிங் வந்த இரண்டு ஆபீசர் மனைவிகளும் பார்த்தார்கள்.

“பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

“பாருங்க சார், இங்கதான் இருப்போம்” என்றாள் பிந்து.

பாஸ் வரவில்லை. ஜுலைகாவின் நாடி ஐம்பதுக்கு ஏறியிருப்பதாக அவள் புருஷன் போன் செய்தார். அம்மா அந்தக் குச்சியை டம்ளரில் படாமல் கல்லின் மேல், எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தாள். சுவருக்கு உள்ளே அரளி வெட்ட ஆளில்லாமல் நின்றது. நாங்கள் டீயைக் குடித்துவிட்டு, வரிசையாக உட்கார்ந்தோம்.