மறதி என்று எழுதியவர்

நாற்பத்தாறு வயதாகிவிட்டது, காதோரம் நரைத்துவிட்டது, முழங்கால் மக்கர் செய்கிறது. ஆனாலும் அந்த ஆஸ்பத்திரி முழுக்க அவர் "கம்ப்யூட்டர் தம்பி"தான். தம்பி திங்கட்கிழமை காலை எட்டரைக்கு மூன்று மாடி ஏறி, பதிவேட்டு அறை வாசலில் மூச்சு வாங்க நின்றார். லிஃப்ட் வழக்கம்போல் படுத்திருந்தது.

பதிவேட்டு அறை அக்காவுக்கு மறுபடியும் பாஸ்வேர்டு ஏற்கவில்லையாம். புதுக் கம்ப்யூட்டர் வைத்த ஏழு வாரத்தில் இது ஏழாவது தடவை. ஒவ்வொரு தடவையும் நான்கு எண்களைத் தற்காலிக பாஸ்வேர்டாகப் போட்டுத் திறந்துவிடுவார். அக்கா உள்ளே போய் புதிதாக ஒன்றை வைத்துக்கொள்வார். படியிறங்கும்போதே இவர் புகார்ச் சீட்டில் காரணம் எழுதும் இடத்தில் "மறதி" என்று போட்டு முடித்துவிடுவார். நாளைக்கு முப்பது புகார் பார்க்கிற மனுஷனுக்கு அந்த ஒரு சொல்லே அதிகம்.

"என்னக்கா, இந்த வாரமும் அதேதானா?"

அக்கா சிரிக்கவில்லை. கண் வீங்கியிருந்தது. கையில் மடித்த காகிதம் ஒன்று இருந்தது.

"எழுதி வெச்சுக்கக் கூடாதுன்னு தெரியும் தம்பி. ஆனாலும் எழுதி வெச்சேன். அதைப் பார்த்துத்தான் அடிச்சேன். ரெண்டு தடவை தப்புங்குது. பார்த்து அடிக்கக்கூட வரலைன்னா எனக்கு என்ன ஆச்சு?"

அலுப்போடு நாற்காலியை இழுத்தவரிடம் அக்கா மீதியையும் சொன்னார். மேலதிகாரி மூன்று வாரம் முன்பு, அதுவரை சேர்ந்த நான்கு சீட்டையும் மேசையில் பரப்பிக் காட்டி, டாக்டரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். வீட்டில் அழுதுகொண்டே சொன்னபோது கணவர் பயந்துவிட்டார். அவருக்குச் சர்க்கரை. பதினெட்டு வருஷமாக இன்சுலின் ஊசி போட்டுவிட்டது அக்காதான். இப்போது மூன்று வாரமாகப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து போடுகிறார்.

"போட்டதை மறந்து ரெண்டாவது ஊசியும் போட்டுட்டேன்னா என்ன ஆகும்னு கேக்கறார். தப்பு சொல்ல முடியல. எங்க பெரியக்காவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது."

தம்பி நாற்காலியைத் திரைப்பக்கம் திருப்பினார். "நான் பார்க்கறேன், அடிங்க" என்று மட்டும் சொன்னார். பாஸ்வேர்டு என்றால் திரையில் வெறும் புள்ளிதான் விழும். அதனால் பெயர் எழுதும் கட்டத்தில் அடிக்கச் சொன்னார். அக்கா காகிதத்தைப் பார்த்து ஒவ்வொரு விசையாக அழுத்தினார். ஒரு பிசகும் இல்லை. ஆனால் ஒய் அடித்த இடத்தில் இசட் விழுந்தது.

அவர் திரையின் மூலையைப் பார்த்தார். விசைப்பலகை வேறு மொழிக்குரியதாக மாறியிருந்தது. அக்காவின் கணக்குக்குள் அதைச் சரியாகத்தான் வைத்திருந்தார். நுழைவுத் திரைக்குத் தனி அமைப்பு, அதைத் தொடவே இல்லை. வாரத்தில் ஞாயிறு மட்டும்தான் மின்சாரத்தை அணைப்பார்கள். திங்கட்கிழமை கம்ப்யூட்டர் புதிதாக எழும்போது நுழைவுத் திரை தன் பழைய புத்திக்குப் போய்விடும். தற்காலிகமாகக் கொடுத்த எண்களின் விசைகள் இடம் மாறாததால் இவர் கண்ணில் அது படவே இல்லை.

கணக்கில் உள்ள அமைப்பை நுழைவுத் திரைக்கும் நகலெடுக்க ஒரு கட்டத்தில் டிக் போட்டால் போதும். போட்டார். மூன்று தடவை அணைத்து எழுப்பினார். மூன்று தடவையும் அக்கா முதல் முயற்சியிலேயே உள்ளே போனார்.

"அப்போ எனக்கு ஒண்ணும் இல்லையா தம்பி?"

"உங்களுக்கு ஒண்ணும் இல்லக்கா. தப்பு என்மேல. வெச்ச அன்னிக்கே பார்த்திருக்கணும்."

ஆறு பழைய சீட்டையும் வரவழைத்து, "மறதி" என்பதை அடித்துவிட்டு "என் கவனக்குறைவு" என்று எழுதினார். மேலதிகாரி சும்மா விடமாட்டார் என்று தெரியும். எழுதும்போது வெட்கமாகத்தான் இருந்தது.

அக்கா அப்போதே கணவரை அழைத்தார். மறுமுனைக் குரல் வெளியே கேட்டது. "யாரோ பாவப்பட்டு எழுதிக் குடுத்திருப்பாங்கம்மா."

அவர் போனை வாங்கினார். "ஐயா, நான்தான் கம்ப்யூட்டர் பார்க்கறவன்."

"நீங்க டாக்டரா?"

"இல்லீங்க. பார்க்காமலே ஆறு தடவை மறதின்னு எழுதினவன்."

அவளிடம் கொடுங்கள் என்றார் கணவர். அக்கா காதில் வைத்ததும் கேட்டார்: "நேத்து ஊசி எந்தப் பக்கம் போட்டாங்க, சொல்லு?"

அக்காவின் முகம் சுருங்கியது. இன்னும் பரீட்சைதான்.

"நேத்து வலது தொடை. முந்தாநாள் இடது. அதுக்கு முந்தின நாள் வயித்துல, தொப்புளுக்கு இடப்பக்கம். பக்கத்து வீட்டுக்காரர் வந்த நாள்லேர்ந்து கதவுக்குப் பின்னாடி நின்னு பார்த்துட்டுத்தான் இருக்கேன். மூணு வாரத்தையும் சொல்லட்டுமா?"

"வேணாம்" என்றது அந்தக் குரல். "சாயங்காலம் சீக்கிரம் வா. அவரை வர வேணாம்னு சொல்லிடறேன்."