சீர்த்தட்டில் விட்டுப்போனது

கோயமுத்தூர் ராஜ வீதியில் ஈஸ்வரமூர்த்தி போர்டு மாட்டியபோது ஊரே சிரித்தது. ஊசி கிடையாது, மருந்து கிடையாது, நாடிகூடப் பிடிக்க மாட்டார். எதிரே உட்காரவைத்துப் பேசச் சொல்வார், அவ்வளவுதான். பட்டணத்தில் ஏழு வருஷம் படித்துவிட்டு வந்து பண்ணுகிற வைத்தியம் இதுதானா என்று சொந்தக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். பேச்சு டாக்டர் என்று பேரும் வைத்தார்கள். அவர் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வருகிறவர் யாராயிருந்தாலும் முதலில் ஒரு வாக்குக் கொடுப்பார்: இங்கே சொன்னது இந்தச் சுவரைத் தாண்டாது. அதை ஒருதரம் மீறினாலும் கதவைச் சாத்திவிட்டுப் பருத்தி விதைக்கப் போகவேண்டியதுதான் என்பது அவர் கட்சி.

சிரிக்காத ஒரே ஆள் அக்கா பழனாத்தாள். தாயில்லாத தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். அன்னூர்ப் பக்கம் வாக்கப்பட்டிருந்தாள். அவள் புருஷன் நஞ்சுண்டன், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் வருஷம் மாசி மாசம், உடுமலைப்பேட்டைச் சந்தைக்கு மாடு பார்க்கப் போகிறேன் என்று கிளம்பியவன்தான். சந்தைக்கும் போய்ச் சேரவில்லை, வீட்டுக்கும் திரும்பவில்லை. கொழும்புக்கு ஓடிவிட்டான் என்றான் ஒருத்தன். பழனியில் காவி கட்டிக்கொண்டு நிற்கிறான் என்றான் இன்னொருத்தன். வாய் சும்மா இருக்குமா? போலீசும் நாலு பேரை விசாரித்துவிட்டுப் போனது. பழனாத்தாள் மட்டும் தினம் நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக்கொண்டு, புருஷனுக்கும் சேர்த்தே உலை வைத்தாள்.

மறுவருஷம் அவள் தோட்டத்துப் பண்ணையாள் மாசாணத்துக்கு வலது கை விறைத்துப்போனது. பழனாத்தாளே அவனை வண்டியில் போட்டுக்கொண்டு தம்பியிடம் வந்தாள்.

"நரம்பெல்லாம் நல்லாருக்குதுன்னு பெரியாஸ்பத்திரியில சொல்லிப்போட்டாங்க கண்ணு. ஆனா கை அசைய மாட்டேங்குது. சம்சாரி வேற, பொண்டாட்டி முழுகாம இருக்கறா. நீதான் பார்க்கோணும்."

ஈஸ்வரமூர்த்தி வழக்கம்போல வாக்குக் கொடுத்தார். ஏழு வாரம் மாசாணம் மழையையும் மாட்டையும் பற்றிப் பேசினான். எட்டாவது வாரம் மடை உடைத்துக்கொண்டது.

"சந்தைக்குப் போற வழியில, காட்டுல தனியா இருந்த என்னையும் கூட்டிக்கிட்டு, பாறைக்காட்டுப் பாழுங்கெணத்துல ஊத்து இருக்குதான்னு பாத்துப்போடலாம்னு எசமான் எறங்குனாருங்க. நான் மேல நின்னு கயித்தைப் புடிச்சிருந்தேன். முந்தின நாளுதான் என்ர பொண்டாட்டிய, பொன்னாத்தாளை, கட்டுத்தறியில கட்டிவெச்சு அடிச்சிருந்தாருங்க. கன்னுக்குட்டி பருத்திக்குள்ள போயிருச்சுன்னு. உள்ள தொங்கிக்கிட்டே அவளைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லிச் சிரிச்சாருங்க சாமி. கயிறு போயிருச்சு. நான் உட்டேனுங்களா, கை தானா உட்டுதுங்களா, இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியலீங்க."

அப்புறம் கல்லையும் முள்ளையும் தள்ளி மூடியதைச் சொன்னான். சொல்லி முடித்துக் கோவென்று அழுதபோது முகத்தைத் துடைத்தது வலது கை. அதை அவனே கவனிக்கவில்லை. டாக்டர் கவனித்தார்.

"அக்காகிட்ட மட்டும் சொல்லட்டா மாசாணம்? போலீசுக்குப் போகாது."

"ஆத்தாளுக்குத் தெரிஞ்சா பங்காளிகளுக்குத் தெரிஞ்சாப்பலீங்க. அவங்க என்னைப் போலீசு வரைக்கும் உடமாட்டாங்க. பொன்னாத்தா வயித்துப் புள்ளைக்காரிங்க, அவளையும் சேர்த்துக் கொளுத்திப்போடுவாங்க. வாக்குக் குடுத்திருக்கறீங்க சாமி."

கொடுத்துத்தான் இருந்தார். பாழாய்ப்போன வாக்கு.

கை சரியானதைப் பார்த்துப் பழனாத்தாளுக்குக் கொண்டாட்டம். ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். "என்ர தம்பி அவன் கையத் திருப்பிக் குடுத்துட்டான்" என்று. "அப்படியே உங்க மச்சானையும் எங்கிருந்தாலும் கண்டுபுடிச்சுக் கூட்டிட்டு வந்துரு கண்ணு" என்று அவருடைய மோவாயைத் தொட்டுக் கெஞ்சினாள். அவர் சிரித்து மழுப்பினார். மாசம் ஒருதரம் போவார். இலை போடுவாள். பக்கத்தில் இன்னொரு இலையும் போட்டிருப்பாள், வராதவனுக்கு. சூலூர்க் குறிகாரர் தை பிறந்தால் வந்துவிடுவான் என்று சொன்னாராம். அதைச் சொல்லும்போது அவள் முகம் கல்யாணப் பெண் மாதிரி ஆகிவிடும். ஈஸ்வரமூர்த்தி குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டு எழுவார். திரும்பும் பஸ்ஸில் யார் பார்த்தால் என்ன என்று அழுதுகொண்டே வருவார்.

தை பிறந்தது. பிறந்த வீட்டுப் பொங்கல் சீர் கொண்டுபோக அவரை விட்டால் வேறு நாதியில்லை. பதினோரு வருஷமாக அவரே தட்டு அடுக்குகிறவர்: அரக்குச் சீலை, மஞ்சள், பூ, பழம், குங்குமம். முன்கூடத்து ஆசாரத்தில் உட்கார்ந்து பழனாத்தாள் ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பூவைத் தூக்கிப் பார்த்தாள். சீலையை உதறிப் பார்த்தாள்.

"குங்குமம் எங்க கண்ணு?"

அவர் தட்டைப் பார்த்தார். இல்லை. வாங்கவே இல்லை. கடைக்காரன் என்ன வேணுங்க என்று கேட்டபோது நாக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டு அதை மட்டும் முழுங்கிவிட்டது.

"மறந்துட்டேனுங்க அக்கா. இருங்க, ஓடிப்போய்..." என்று எழுந்தார். முகம் கோணிக்கொண்டு போனது. அதைப் பார்த்த பழனாத்தாளின் கையிலிருந்து சீலை நழுவியது.

"உங்க மச்சான் உசுரோட இல்லியா?"

அவர் நழுவிய சீலையைக் குனிந்து எடுத்தார்.

"இந்தத் தோட்டத்துல இருந்து உன்கிட்ட வந்தது ஒரே ஆளுதான். மாசாணமா?"

"என்னால வாயத் திறக்க முடியாதுங்க அக்கா. உங்க காலைப் புடிச்சுக் கேக்கறேன், அவனை..."

"கத்தாதே. ஒண்ணும் பண்ணமாட்டேன். அந்தப் பொன்னாத்தாளை உங்க மச்சான் கட்டுத்தறியில கட்டி அடிச்சப்ப நானும் ஊட்டுக்குள்ள நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஒரு வார்த்தை கேக்கலை. அவ கையில இப்பத்தான் கொழந்தை இருக்குது. அவ தாலியும் போகோணுமா?" பழனாத்தாள் கண்ணைத் துடைக்கவில்லை. தம்பியையே பார்த்தாள். "ஆனா நீ? அவனுக்குக் கை வந்தது பங்குனியில. பத்து மாசம். நான் தினம் பொட்டு வெக்கறதைப் பாத்துக்கிட்டு, அந்த இலைக்குப் பக்கத்துலயே உக்காந்து தின்னுட்டுப் போயிருக்கறே."

"வாக்குங்க அக்கா."

"சரிதான். டாக்டரு செஞ்சது நாயந்தான், நான் குத்தம் சொல்லலை. எனக்கு ஒரு தம்பி இருந்தான். அவன் எங்கடா?"

அவர் வாய்விட்டு அழுதார். அவள் தேற்றவில்லை.

குறிகாரர் கனவில் வந்து சொல்லிவிட்டார், தன் புருஷன் செத்துப்போனான் என்று பங்காளிகளிடம் பழனாத்தாள் ஒரே பேச்சாகச் சொன்னாள். குறியை நம்பாத ஊரா அது? தர்ப்பையில் உருவம் செய்து எரித்தார்கள். புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டு வெள்ளைக் கோடியை உடன்பிறந்தவன்தான் போடவேண்டும். ஈஸ்வரமூர்த்தி கொண்டுபோனார். அவள் தலையைக் குனிந்து கோடியை வாங்கிக்கொண்டாள். பங்காளி வீட்டுப் பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். இவள் அழவில்லை, அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கவுமில்லை.

ஆடியில் மனசு கேட்காமல் ஒருநாள் காலை பஸ் ஏறிப் போனார். பழனாத்தாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"வாங்க டாக்டருங்க. உக்காருங்க. தண்ணி குடிக்கறீங்களா?"

யார் வந்தாலும் கேட்கிற கேள்வி அது. கொடுத்த செம்பை வாங்கி முழுக்கக் குடித்தார். மணி பத்துகூட ஆகவில்லை.

"பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க" என்று எழுந்தார்.

"சரிங்க" என்று பழனாத்தாள் செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.