புதன்கிழமை சார்ஜ்

பேயாண்டியின் வீட்டில், கார் நிற்கிற இடத்துச் சுவரிலேயே சார்ஜ் போடுகிற பிளக் இருக்கிறது. மகன் சூர்யபிரகாஷ் கரண்டு காரை வாங்கிக் கொடுத்த கையோடு ஆள் வைத்து மாட்டிவிட்டுத்தான் சென்னைக்கு ரயில் ஏறினான். அந்த பிளக்குக்குப் போகிற லைனில் பியூஸ் கட்டையைப் பிடுங்கி, அடுப்படியில் ஒரு காலி ஊறுகாய்ப் பாட்டிலுக்குள் போட்டு மூடி வைத்தவர் பேயாண்டி. இது வேறு யாருக்கும் தெரியாது.

வீட்டிலேயே சார்ஜ் ஏறிவிட்டால், புதன்கிழமை காலை பத்து மணிக்குத் திருப்பரங்குன்றம் ரோட்டில் இருக்கிற சார்ஜ் நிலையத்துக்குப் போக வேலை இல்லை. அங்கே போகாவிட்டால் வாரம் முழுக்க அவர் வாய் திறந்து பேச பால்காரனை விட்டால் ஆள் இல்லை. அவனும் பாக்கெட்டை கேட்டில் மாட்டிவிட்டு நிற்காமல் போகிறவன்.

கார், பெண்டாட்டி முத்துத்தாயை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வாங்கியது. அவள் பதினோரு தடவை அதில் ஏறினாள். பன்னிரண்டாவது தடவைக்கு ஆம்புலன்ஸ் வந்தது. அதற்குப் பிறகு காருக்கும் அவருக்கும் போகிற இடம் என்று ஒன்று இல்லை. சார்ஜைக் காலி பண்ணுவதற்காகவே வாரத்தில் இரண்டு நாள் உசிலம்பட்டி வரை ஓட்டிப் போய், பஸ் ஸ்டாண்டு கடையில் ஒரு டீ குடித்துவிட்டுத் திருநகர் வீட்டுக்குத் திரும்பிவிடுவார். முப்பது வருஷம் லோடு வேன் ஓட்டிய கைக்கு அது ஒரு தூரமே இல்லை.

அந்த நிலையத்தில் இரண்டு மிஷின், நாலு வயர். வண்டியை மாட்டிவிட்டால் முக்கால் மணி நேரம் அங்கேயே கிடக்க வேண்டும். கிடக்கிறவர்கள் கார்க் கணக்குப் பேசுவார்கள்.

"டீசல் வண்டி ஓட்டுனப்ப கிலோமீட்டருக்கு அஞ்சு ரூவா தின்னுச்சு. இப்ப இங்கன போட்டா ரெண்டே முக்கால். இதையே வீட்ல போட்டா ஒரு ரூவாதான். ஹவுஸ் ஓனர் விட்டாத்தான?" என்றான் அழகுபாண்டி. அவன் காரை வாடகைக்கு ஓட்டுகிறவன்.

"எங்க ஃபிளாட்லயும் அதே கதைதான். கார் தீப்பிடிச்சா யாரு பொறுப்புன்னு கேக்குறாக. அவுக வீட்ல கேஸ் சிலிண்டரு இல்லாத மாதிரி" என்றாள் தமிழ்ச்செல்வி. கோச்சடையில் ஜவுளிக் கடை வைத்திருக்கிறாள்.

பேயாண்டி தொண்டையைச் செருமினார். "பேசுங்க, பேசுங்க. எட்டு வருசத்துல பேட்டரி மண்டையப் போடும். இம்புட்டு நாள் மிச்சம் புடிச்சத ஒரே நாள்ல புடுங்கிட்டுப் போவான்."

"அதுக்குத்தான் வாரண்டி குடுத்திருக்கானேண்ணே" என்றான் அழகுபாண்டி.

"வாரண்டிப் பேப்பர நீ படிச்சியா மாப்ள?"

"இல்ல."

"நானும் படிக்கல. எனக்குப் படிக்கத் தெரியாது, அதுனால படிக்கல. உனக்கு என்ன கேடு?"

எல்லோரும் சிரித்தார்கள். இந்தச் சிரிப்புக்காகத்தான் அவர் வியாழக்கிழமையிலிருந்து ஒவ்வொரு சந்தேகமாகச் சேர்த்து வைத்துக்கொண்டு வருவது.

மலைச்சாமி மட்டும் சிரிக்கவில்லை. மின்வாரியத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர்; எதையும் விடாமல் கேட்கிற மனுஷன். "ஏண்ணே, உங்களுக்குச் சொந்த வீடு. எதுக்கு இங்க வந்து யூனிட்டுக்கு இருபத்திரெண்டு ரூவா அழுவுறீக?"

"வீட்ல போட்டா யூனிட்டு ஐநூறத் தாண்டும். தாண்டுனா ரேட்ட ஏத்திப்புடுவீக. எனக்குத் தெரியாதாக்கும் உங்க ஆளுகள?"

"போனக் குடுங்க. பில் மெசேஜ் வந்திருக்கும்."

கொடுத்திருக்கக் கூடாது. கொடுத்துவிட்டார். மலைச்சாமி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். "ரெண்டு மாசத்துக்கும் சேத்து எழுபத்தெட்டு யூனிட்டு. பில்லு பூச்சியம்."

அழகுபாண்டியும் எட்டிப் போனைப் பார்த்தான்.

"ஒரு ஃபேனு, ஒரு லைட்டு, ஒரு ஃபிரிட்ஜு" என்றார் மலைச்சாமி, தனக்குத்தானே கூட்டிப் பார்ப்பதுபோல. "ஒத்த ஆளாவா இருக்கீக?"

"ஏன், தொணைக்கு நீ வாரியா?" என்று போனைப் பிடுங்கிக்கொண்டார் பேயாண்டி. அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இல்லை. "பில்லு கெடக்கட்டும். அந்த பிளக்குல போட்டா பொகை வருது. வீடு எரிஞ்சா நீயா கட்டித் தருவ?"

"பொகையா?" மலைச்சாமி எழுந்தே விட்டார். "ஞாயித்துக்கிழமை வாரேன்."

வேண்டாம் என்று சொல்ல பேயாண்டிக்கு மூன்று நாள் இருந்தது. அவர் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருமே வந்தார்கள். பேயாண்டி ஒன்றுக்குள் ஒன்று செருகிக் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பிரித்து, துடைத்துப் போட்டிருந்தார். பத்துப் பேர் தின்கிற அளவுக்கு பஜ்ஜி வாங்கி வைத்திருந்தார். தமிழ்ச்செல்வி யாரும் சொல்லாமலே அடுப்படிக்குள் போய் டீ போட்டாள். "அண்ணே, சீனி எங்க இருக்கு?" என்று அங்கிருந்து ஒரு குரல் வந்தபோது, அவர் எழுந்து அடுப்படி வாசல் வரைக்கும் போய்விட்டார்.

மலைச்சாமி போர்டைத் திறந்து பார்த்தார். "பியூஸ் கட்டையே இல்லையேண்ணே."

"எலி தூக்கிட்டுப் போயிருக்கும்."

"பீங்கான் கட்டையவா?"

"திருநகர் எலியாச்சே, ஜிம்முக்குப் போகுதுபோல" என்றான் அழகுபாண்டி, வாய் நிறைய பஜ்ஜியோடு.

மலைச்சாமி பேயாண்டியை ஒரு தடவை பார்த்தார். பையிலிருந்து வேறொரு கட்டையை எடுத்துச் செருகினார். சார்ஜ் வயரைக் காரில் மாட்டியதும் பச்சை லைட்டு மின்னியது. மூன்று பேருக்கும் அப்படி ஒரு சந்தோஷம்.

"பொகையும் இல்ல, ஒண்ணும் இல்ல. இனிமே நீங்க அங்கன வந்து வெயில்ல காயவே வேணாம்ணே" என்றாள் தமிழ்ச்செல்வி, செருப்பை மாட்டிக்கொண்டே. நல்ல மனசோடுதான் சொன்னாள்.

புதன்கிழமை கார் நூறு சதவீதத்தில் நின்றது. பத்து மணி வரை அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு எடுத்துக்கொண்டு போனார்.

நிலையத்தில் அழகுபாண்டியும் தமிழ்ச்செல்வியும் இருந்தார்கள். பேயாண்டி வழக்கமான இடத்தில் காரை விட்டு வயரை மாட்டினார். பேட்டரி நிறைந்திருக்கிறது என்று காட்டிவிட்டு மிஷின் சும்மா நின்றது. பின்னால் வந்த வெள்ளைக் கார்க்காரன் ஹாரன் அடித்தான்.

"பெருசு, சார்ஜ் போடலேன்னா வண்டிய எடுங்க. நாங்க அவசரமா போகணும்ல."

எடுத்து வெளியே ரோட்டோரம் விட்டுவிட்டு நடந்து வந்தார்.

"என்னண்ணே, வீட்டு பிளக்கு வேல செய்யலையா?" என்றாள் தமிழ்ச்செல்வி.

"நல்லாத்தான் செய்யுது."

சேர்த்து வைத்திருந்த சந்தேகம் ஒன்று இருந்தது, மழைத் தண்ணியில் போனால் கரண்டு அடிக்குமா என்று. அதைக் கேட்கப் போகிற நேரத்தில் அவள் போன் கிணுகிணுத்தது. எண்பது சதவீதம் சார்ஜ் ஏறிவிட்டது. வயரைக் கழற்றிவிட்டு, "வாரேண்ணே, கடையில ஆள் இல்ல" என்று கிளம்பிவிட்டாள். வண்டி நிறைகிற வரைக்கும்தான் யாரும் இங்கே இருக்கிறார்கள். இத்தனை மாதம் அவர் அதைக் கவனித்ததே இல்லை.

அழகுபாண்டியும் வயரைக் கழற்றிக்கொண்டிருந்தான். பேயாண்டி அவன் பக்கத்தில் போய் நின்றார்.

"மாப்ள. உன் ஹவுஸ் ஓனர் விடமாட்டேங்கிறான்ல. என் வீட்ல வந்து போடு."

அழகுபாண்டி நிமிர்ந்து பார்த்தான். "எதுக்குண்ணே?"

"எதுக்குன்னா? யூனிட்டுக்கு எட்டு ரூவா குடு. உனக்கும் மிச்சம், எனக்கும் வருமானம். சும்மா ஒண்ணும் தரல."

"மலைச்சாமி சார் காதுல விழுந்தா, வீட்டுக் கரண்ட விக்கிறீகன்னு கேஸ் போட்ருவாரு" என்று சிரித்தான். அவர் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "இல்லண்ணே, வீட்டு பிளக்குல மெதுவால்ல ஏறும். எட்டு மணி நேரம் ஆகும். அம்புட்டு நேரம் நான் அங்கன ஒக்காந்து என்ன செய்ய?"

பேயாண்டி யோசித்தார்.

"டிவி இருக்கு" என்றார்.

அழகுபாண்டி வயரை மிஷினில் மாட்டிவிட்டு, கையைக் கால்சட்டையில் துடைத்தான். "பாக்குறேண்ணே" என்றான்.

பாக்குறேன் என்கிறவன் வரமாட்டான். பேயாண்டியே எத்தனையோ பேரிடம் சொல்லித் தட்டிக்கழித்த வார்த்தைதான் அது. வீட்டுக்கு வந்தவர் அப்படியும் காரை உள்ளே ஏற்றவில்லை. தெருவில் வேப்ப மரத்தடியில் விட்டார். காக்காய் எச்சம் போட்டால் போட்டுக்கொள்ளட்டும். கார் நின்ற இடத்தைக் கூட்டித் தள்ளினார். சுவரில் மாட்டிக் கிடந்த சார்ஜ் வயரை அவிழ்த்து, அழகுபாண்டி வண்டிக்கு எந்தப் பக்கம் பிளக் என்று யோசித்து, அதற்குத் தக்கபடி இழுத்துப் போட்டார். கேட்டின் இரண்டு கதவையும் திறந்து, மூடிக்கொள்ளாமல் இருக்கக் கல் வைத்தார்.

பிறகு அடுப்படிக்குப் போய் ஊறுகாய்ப் பாட்டிலைத் திறந்து பழைய பியூஸ் கட்டையை எடுத்தார். வேட்டியில் துடைத்து, கைக்கு எட்டும்படி போர்டின் மேல் வைத்தார். அவன் வந்திருக்கும்போது ஒன்று போய்விட்டால், மாற்ற இன்னொன்று வேண்டும்.