வாயடைத்த எச்சரிக்கைகள்

அப்பளசாமி திருடன் என்று முடிவாகி மூன்று நாளாகிவிட்டது. முடிவு கட்டியது மேனேஜர் சிவானந்தம் என்று ஊர் பேசிக்கொண்டது. தோட்டத்து ஆபீஸில் கணக்குப் பார்க்கும் சந்திரிகாவுக்குத்தான் தெரியும், முடிவு கட்டியது அவளுடைய கம்ப்யூட்டர் என்று.

நவம்பர் மாதத்துக்குத் தோட்டத்துக் கிராணி, அதாவது கணக்குப்பிள்ளை, கையால் எழுதிய கணக்கு ஒன்று. கோலசிலாங்கூர் எண்ணெய் ஆலையின் எடைச் சீட்டுகளைக் கூட்டிக் கம்ப்யூட்டர் சொன்ன கணக்கு வேறொன்று. கம்ப்யூட்டர் கணக்கில் அறுபத்தைந்து டன் செம்பனைப் பழம் குறைந்தது. எல்லாம் அப்பளசாமி ஓட்டிய லோரியில் வந்த பழம். ஜெராம் பக்கம் யாருக்கோ விற்றுவிட்டான் என்றார்கள். சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மாதக் கடைசிக்குள் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று உத்தரவு.

"மெஷின் தப்புப் பண்ணிருக்குமா?" என்று சிவானந்தம் ஒரே ஒரு முறை கேட்டார்.

"பண்ணாது சார்." சந்திரிகா கண் இமைக்காமல் சொன்னாள், மகராசி.

அன்று காலை அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. எடைச் சீட்டுக் கட்டை எடுத்துக் கையாலேயே கூட்டத் தொடங்கினாள். மற்ற நாளெல்லாம் ஐந்து நடை, இருபத்தைந்து டன், சரியாக இருந்தது. தீபாவளிக்கு மறுநாள் மட்டும் ஏழு நடை. முப்பத்தைந்தாயிரம் கிலோ. கம்ப்யூட்டரில் அந்த நாளைத் தேடினால், அந்த எண்ணுக்குப் பதிலாகக் கழித்தல் குறியோடு முப்பதாயிரத்துச் சொச்சம் இருந்தது. வர வேண்டிய முப்பத்தைந்து டன்னும் போய், மேலும் முப்பது கழிந்து, அறுபத்தைந்து.

கணக்குப் போடும் அந்தப் புரோகிராம் பல்கலைக்கழகத்தில் படித்த தோழி டிஸ்கில் போட்டுக் கொடுத்தது. யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று மூல வரிகளோடு வந்தது. ஆனால் எழுதப்பட்டதோ பல்கலைக்கழகத்துப் பெரிய மெஷினுக்கு. ஆபீஸ் கம்ப்யூட்டரில் அதைக் கம்பைல் செய்ய, அந்த மெஷினுக்குப் புரியும்படி மாற்ற, நான்கு நாள் மல்லுக்கட்டினாள். இந்தக் கோப்பு இல்லை, அந்தப் பெயர் தெரியாது என்று அது அடம்பிடித்தது. ஒவ்வொன்றாகச் சரிசெய்தாள். கடைசியில் நாற்பது எச்சரிக்கைகள் மிஞ்சின. எண் இடத்தில் அடங்காமல் போகலாம் என்பதுதான் எல்லாவற்றின் சாரமும். பெரிய மெஷினில் சாதாரண எண்ணுக்கே இடம் தாராளம். இந்தச் சின்ன மெஷினில் முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சத்தைத் தாண்டினால் எண் தலைகீழாகிவிடும்.

அப்போது மேனேஜர் பின்னால் வந்து நின்று, "இன்னும் முடியலையா?" என்றார். அவள் எச்சரிக்கைகளைக் காட்டாதே என்று கட்டளையில் ஓர் எழுத்தைச் சேர்த்தாள். திரை சுத்தமானது. "முடிஞ்சிடுச்சு சார்." படித்தவள் என்ற பெயரைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் செய்தாள், வேறொன்றுக்கும் இல்லை.

இப்போது அந்தச் சீட்டுகளோடு மேனேஜர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் ஒப்பித்தாள். அவர் இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். முகம் தொங்கிவிட்டது.

"மெஷின் கோளாறுன்னு சொல்லிடுவோம். உன் பேர் வேணாம். ஹெட் ஆபீசுக்குத் தெரிஞ்சா உனக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம்."

அவளுக்கு ஒரு கணம் உயிர் வந்தது. வெட்கக்கேடு, வரத்தான் செய்தது. அந்த நேரம் பார்த்து அப்பளசாமி லோரிச் சாவியோடு வாசலில் வந்து நின்றார். இவளுக்குப் பக்கத்து லயம்.

"சாவி கொண்டாந்தேன் பாப்பா. கம்ப்யூட்டரு சொன்னா சரியாத்தான்லா இருக்கும். நாந்தான் எங்கயோ பழத்த எறக்கிட்டு மறந்துட்டேன் போல. மூணு நாளா யோசிச்சுப் பாக்கறேன், ஞாபகமே வரல."

எடுக்காததை எடுத்ததாக மனிதர் நம்பவே தொடங்கிவிட்டார். சந்திரிகாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"நீங்க எடுக்கல மாமா. மெஷினும் இல்ல. நான்தான். அது எச்சரிக்கை பண்ணுச்சு, நான் அத மூடி வெச்சேன்."

"எனக்காகப் பொய் சொல்லாத பாப்பா. உன் வேலை போயிடும்."

"பொய் இல்ல மாமா. ஒரு நாள் கணக்குத் தலைகீழாயிடுச்சு. தீபாவளிக்கு மறுநாள்."

அப்பளசாமி சாவியை மேசைமேல் வைக்கப் போனவர் நிறுத்திக்கொண்டார்.

"அன்னிக்கா? அன்னிக்குப் பழம் மலையாக் குமிஞ்சு கெடந்துச்சு. அழுகிடக் கூடாதேன்னு விடியறதுல இருந்து ஓட்டுனேன். மகளுக்குத் தலைத் தீபாவளி பாப்பா. மாப்பிள்ளையோட ஒரு வேள கூட உக்காந்து சாப்புடல. கோவிச்சுக்கிட்டுக் கெளம்பிட்டாரு."

அவள் மன்னிப்புக் கேட்டாள். பரவாயில்லை என்று சொல்வார் என எதிர்பார்த்தாள். அவர் சொல்லவில்லை. சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பழம் ஏற்றப் போய்விட்டார்.