நீக்கவும் என்று எழுதியிருந்தது

அத்தானுக்குப் பேச்சு நின்றுபோனது போன வருஷம். சின்னவள் அவரைக் குணப்படுத்தியது அதற்கு ஐந்து வருஷம் முன்னால்.

இதை அவள் வாயாலேயே கேட்க வேண்டும். "நோய் வந்தப்புறம் குணப்படுத்த ஊர்ல ஆயிரம் டாக்டர் இருக்காங்க. வர்றதுக்கு முன்னாடியே, ஆளைத் தொடாம, நாற்காலிய விட்டு எழுந்திருக்காம, ஒரே ஒரு பட்டனைத் தட்டிக் குணப்படுத்தினது நான் ஒருத்திதான்!" பால் கொண்டுவருகிறவரிடம் சொன்னாள். மாடிவீட்டுக்காரர்களிடம் சொன்னாள். பல் பிடுங்கப் போன இடத்தில் வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே சொன்னாள். எல்லோரும் "அப்படியா!" என்று தலையாட்டினார்கள். பாவம், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மனுஷி, பொழுது போக வேண்டாமா? தலையாட்ட மறுத்த ஒரே ஆள், குணமான அந்த ஆளேதான்.

சின்னவள் என்றால் வயதில் சின்னவள் என்று நினைத்துவிடாதீர்கள். அறுபதைத் தாண்டியாயிற்று. அக்காவுக்குத் தங்கை, அவ்வளவுதான். அக்கா பெரியவள், அவளைக் கட்டியவர் அத்தான், பூட்டுக்கடைக்காரர். தெருமுனையில் கடை வைப்பதற்கு முன்னால் சைக்கிளில் தெருத்தெருவாகப் போய்ப் பூட்டு ரிப்பேர் செய்தவர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் சின்னவள் அக்கா வீட்டுக்கு வந்து ஒரு கதையை அவிழ்த்துவிடுவாள். அத்தான் டீயை உறிஞ்சிக்கொண்டு கடைசிவரை கேட்பார். கேட்டு முடித்ததும் கோப்பையைக் கீழே வைத்து ஒரே சொல்லில் தீர்ப்பு எழுதுவார்: "புளுகு!"

மழையில் நனையாமல் வீடு வந்தேன் என்றாலும் புளுகு. எலி ஒன்று என்னைப் பார்த்துச் சிரித்தது என்றாலும் புளுகு. நாற்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் வாயிலிருந்து "ஆமாம், நடந்துச்சு" என்று அவள் வாங்கியதில்லை.

அவள் வேலையையே அவர் நம்பவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழக நூலகத்தில் வேலை. ஆராய்ச்சி செய்கிறவர்கள் கட்டுரை எழுதுவார்கள்; பெரிய பெரிய சஞ்சிகைகள் அதை வாங்கி உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொள்ளும். சந்தா கட்டியவர்கள் மட்டும் உள்ளே போகலாம். எழுதினவரே வெளியே நிற்கிற கூத்தும் உண்டு. ஆனால் சஞ்சிகைகளே ஒரு சின்னப் பக்கவாசலை விட்டுவைத்திருக்கும்: கொஞ்ச காலம் காத்திருந்துவிட்டு, கட்டுரையாளர் தன் சொந்தப் பிரதியைத் தன் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் போட்டுவைக்கலாம். அதன்பிறகு உலகத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். அந்தப் பக்கவாசலைக் கண்டுபிடித்து, ஆராய்ச்சிக்காரர்களைக் கையைப் பிடித்து அழைத்துப்போவதுதான் சின்னவளின் உத்தியோகம்.

"நான் பூட்டு விக்கிறேன். இவ திறந்துவிட்டுச் சம்பளம் வாங்கறாளாம். புளுகு!" என்பார் அத்தான்.

அந்தப் பட்டன் விஷயத்துக்கு வருவோம்.

பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியை இருந்தார். பேச்சிழந்தவர்களுக்குப் பேச்சைத் திரும்பக் கொண்டுவருவது பற்றி ஆராய்ச்சி. ஆனால் அவர் பேசினால் எதிரே உட்கார்ந்திருக்கிறவருக்கே கேட்காது. முணுமுணு மேடம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பழக்கப்பட்ட மெட்டில் வைத்துச் சொன்னால், நின்றுபோன சொற்கள் சிலருக்குத் திரும்பி வருகின்றன என்று அவர் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். சஞ்சிகை அதை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டது. சின்னவள் போய் நின்றாள்.

"உங்க பிரதி ஒண்ணு வேணும் மேடம்."

முணுமுணு மேடம் உடனே அனுப்பினார். சஞ்சிகை அச்சிட்ட பிரதி! பட்டுப்போல எழுத்து, இரண்டு பத்தியாக அமைப்பு, மேலே சஞ்சிகையின் முத்திரை.

சின்னவள் திரும்பப் போனாள். "மேடம், ஒரு கட்டுரைக்கு மூணு ரூபம் உண்டு. அழுக்குப் பிள்ளை, குளிச்ச பிள்ளை, நகை போட்ட பிள்ளை. மத்தவங்க படிச்சுத் திருத்தம் சொல்றதுக்கு முன்னாடி இருக்கறது அழுக்குப் பிள்ளை. சொன்ன திருத்தமெல்லாம் செஞ்சு நீங்க அனுப்பினது குளிச்ச பிள்ளை. அதுக்கு அவங்க பூட்டிவிட்ட நகை அவங்களுது, நாம தெருவுக்குக் கொண்டுபோகக் கூடாது. எனக்குக் குளிச்ச பிள்ளையக் கொடுங்க."

மேடம் மறுபடியும் நகை போட்ட பிள்ளையையே அனுப்பினார். மூன்றாம் தடவையும் அதுவே. சின்னவள் அவர் அறையில் போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது.

"வெட்கமா இருக்கு," என்றார் மேடம், தன் காதுக்கே கேட்காத குரலில். "அந்தப் பிரதியில அட்டவணையெல்லாம் கோணல். தலை சீவாம வாசல்ல நிக்கற மாதிரி இருக்கு."

"வாசல்ல நிக்கறவங்க தலையப் பார்க்க வரல மேடம். வழி கேட்டு வந்திருக்காங்க."

மேடம் நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு கணினியைத் திருப்பிக் காட்டினார். கோப்புகளுக்கு அவர் வைத்திருந்த பெயர்களைப் பார்த்துச் சின்னவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை: இறுதி, இறுதி இறுதி, இதுதான் இறுதி, சத்தியமா இறுதி. கடைசியில் சத்தியம்தான் ஜெயித்தது. சின்னவள் அதைத் தூக்கிக்கொண்டு ஓடாத குறையாகத் தன் இடத்துக்கு வந்தாள். நூலக முத்திரை போட்ட சாம்பல் நிற முகப்புப் பக்கத்தை மேலே சேர்த்தாள். ஏற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்க்க வேண்டும், அதுதான் முறை. அன்றைக்குக் கோட்டையைப் பிடித்த சந்தோஷம் அவளுக்கு. புரட்டவில்லை. பட்டனைத் தட்டிவிட்டாள்.

அதோடு அந்தக் கதை முடிந்துபோயிற்று, ஐந்து வருஷத்துக்கு.

பிறகு ஒருநாள் அத்தான் கடையைத் திறக்கப் போனார். ஷட்டரைத் தூக்கியவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள் ஆஸ்பத்திரியில். உயிர் தங்கியது, கைகால் தங்கியது. பேச்சு மட்டும் போய்விட்டது. முழுவதும் போகவில்லை, ஒரே ஒரு சொல் மிஞ்சியது. சிலருக்கு அப்படித்தான், ஏதாவது ஒரு சொல் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும் என்றார் டாக்டர். சிலருக்குக் கடவுள் பெயர், சிலருக்கு ஏதோ ஒரு வசவு.

அத்தானுக்கு நின்றது "புளுகு".

தாகம் எடுத்தால் புளுகு. வெளிச்சம் கண்ணில் அடித்தால் புளுகு. மருந்து கசந்தால் புளுகு, டாக்டர் வந்தால் புளுகு. நர்சுகள் முதலில் கோபித்துக்கொண்டார்கள், பிறகு பழகிவிட்டார்கள். சின்னவள் முதல் நாள் சிரித்தாள். இரண்டாம் நாள் பெரியவள் சொன்ன ஒரு வார்த்தையில் அந்தச் சிரிப்பும் போய்விட்டது.

"நாப்பது வருஷம் கூட வாழ்ந்தவ நான்," என்றாள் பெரியவள், போர்வையை மடித்துக்கொண்டே. "என்னைக் கூப்பிட்ட பேச்சு ஒண்ணும் தங்கல பாரு. உன்னைத் திட்டினதுதான் தங்கியிருக்கு."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் சுட்டது. அத்தான் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் இல்லை. "இங்க பாரு" என்பார். சாவியைக் காணோம் என்றாலும் இங்க பாரு, நிலா நன்றாக இருந்தாலும் இங்க பாரு. பெரியவளுக்கு அந்த இரண்டு சொல்தான் வீடு. தன் புளுகு அத்தனையையும் மூட்டை கட்டிக் கொடுத்துவிட்டு அந்த இரண்டு சொல்லை வாங்க முடிந்தால் வாங்கிவிடலாமே என்று சின்னவள் மருத்துவமனை வராந்தாவில் நின்று தவித்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்குச் சொல்ல ஒரு கதையும் கிடைக்கவில்லை.

அது சின்ன மருத்துவமனை. பேச்சுப் பயிற்சிக்கு ஒரே ஒரு பெண். அவள் அத்தானோடு மல்லுக்கட்டாத நாள் இல்லை. எண்களை மெட்டுப்போட்டுச் சொல்லவைத்துப் பார்த்தாள். "ஒண்ணு, ரெண்டு..." "புளுகு." தாலாட்டுப் பாடிப் பார்த்தாள். ஒரு தடவை அத்தான் தூங்கியேவிட்டார். அப்புறம் ஒருநாள் அவள் ஏதோ தயங்கிக்கொண்டே கேட்டாள்:

"இவர் எப்பவாவது தெருவுல கூவி வியாபாரம் பண்ணினாரா?"

பெரியவள் முகம் இந்த வயதில் சிவந்ததைச் சின்னவள் பார்த்தாள். "கல்யாணத்துக்கு முன்னாடி பண்ணினார். சைக்கிள்ல வருவார். அந்தக் கூவலைக் கேட்டுத்தான் நான் ஜன்னலுக்கு வருவேன்."

"அடிப்பாவி!" என்றாள் சின்னவள். "வெயில் பார்க்கறேன்னு சொல்லுவியே!"

"அந்த மெட்டு ஞாபகம் இருக்கா அம்மா?" என்றாள் பயிற்சிப் பெண்.

இல்லாமல் இருக்குமா? பெரியவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள். அத்தானின் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, அதில் தாளம் தட்டிக்கொண்டே, ஜன்னலுக்கு வந்த பெண்ணின் குரலில் மெல்ல எடுத்தாள்: "பூட்டு ரிப்பேர்... சாவி ரிப்பேர்... திறக்காத பெட்டியைத் திறந்து தாறேனே..."

அத்தான் அவளைப் பார்த்தார். உதடு அசைந்தது. இரண்டாம் தடவை மெட்டு மட்டும் முனகலாக வந்தது. மூன்றாம் தடவை கடைசியில் அவளோடு சேர்ந்து, கரகரவென்று, துருப்பிடித்த ஷட்டர் ஏறுகிற மாதிரி: "...தாறேனே..."

பெரியவள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் போய்விடுமோ என்று பயந்து பாடிக்கொண்டே அழுதாள். ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது, பக்கத்து வார்டில் படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள் என்று சின்னவள் இப்போது சொல்வாள். அதை விடுங்கள். அத்தான் கூவினார், அது போதும்.

"இப்படி ஒரு வழி இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும் கண்ணு?" என்று சின்னவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

"ஒரு கட்டுரையில பார்த்தேன் ஆன்ட்டி. எங்க ஆஸ்பத்திரியில சந்தா கட்டறதெல்லாம் கிடையாது. இது இலவசமாக் கிடைச்சுது. ஆனா கட்டுரைக்குள்ள இல்ல, ஓரத்துல ஒரு சின்னக் குறிப்பு. எழுதினவங்க தனக்குத்தானே எழுதிக்கிட்டது போல. அழிக்க மறந்துட்டாங்க." கைபேசியில் காட்டினாள்.

சாம்பல் நிற முகப்புப் பக்கம். நூலக முத்திரை. சின்னவளுக்குக் கால் தரையில் இல்லை. பக்கங்களைத் தள்ளினாள். கோணல் அட்டவணைக்குப் பக்கத்தில், ஓரத்தில் ஒரு கட்டத்துக்குள்: 'தெருவில் தொழில் செய்தவர்களுக்கு அவர்களுடைய கூவலையே கொடுத்துப் பார்த்தால்? ஆதாரம் இல்லை. நீக்கவும்.'

நகை போட்ட பிள்ளையில் இது இருக்காது, சஞ்சிகைக்காரர்கள் துடைத்திருப்பார்கள். குளித்த பிள்ளையின் காதோரத்தில் ஒட்டியிருந்த இந்தச் சோப்பு நுரையைத் துடைத்திருக்க வேண்டியவள் சின்னவள். துடைக்கவில்லை.

"அத்தான்!" என்று கட்டிலுக்கு ஓடினாள். "இதைத் திறந்துவிட்டது நான்! அஞ்சு வருஷம் முன்னாடி! உங்களுக்காகத்தான்! வேணும்னேதான் அந்தக் குறிப்பை விட்டுவச்சேன்!"

அத்தான் அவளை மேலும் கீழும் பார்த்தார். "புளுகு!"

இந்தத் தடவை அது ஒட்டிக்கொண்ட சொல் இல்லை. கேட்டு, எடைபோட்டு, வேண்டுமென்றே சொன்னது. சின்னவள் அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

கூவலின் வாலைப் பிடித்துக்கொண்டு மற்ற சொற்களும் ஒவ்வொன்றாக வந்தன. வீட்டுக்கு வந்த பிறகு ஒரு காலையில் பெரியவள் அடுப்படியில் நின்றபோது கூடத்திலிருந்து இழுத்து இழுத்து ஒரு குரல்: "இங்க... பாரு..." பெரியவள் கையிலிருந்த கரண்டியோடு ஓடினாள். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கூப்பிட்டார், அவ்வளவுதான். "பார்த்துட்டுதானே இருக்கேன்," என்றாள் அவள்.

சின்னவளுக்கு வாய் சும்மா இருக்குமா? முணுமுணு மேடத்துக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் முதல் தடவையாகக் குரல் கேட்டது.

"அந்தக் குறிப்பு வெளியில இருக்கா? ஐயையோ! இன்னிக்கே எடுக்கச் சொல்லுங்க. ஆதாரம் இல்லாத ஒண்ணை என் பேர்ல யாராவது நம்பிட்டா என்ன ஆகறது?"

"ஆதாரம் எங்க அக்கா வீட்டுக் கூடத்துல உட்கார்ந்து டீ குடிச்சிட்டிருக்கு மேடம். வந்து பாருங்க."

ஞாயிற்றுக்கிழமை மேடம் வந்தார். கைப்பையைப் பிடித்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். சின்னவள் நடந்ததைச் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல அந்தச் சின்ன வார்டு பெரிய மண்டபமாயிற்று. கூவலைக் கேட்டு நடக்கமாட்டாதவர்கள் நடந்தார்கள். தெருவில் பூட்டுகள் தாமாகத் திறந்துகொண்டன. மேடத்தின் முகம் வாடிக்கொண்டே போயிற்று.

"உங்களை எனக்குத் தெரியும்," என்றார் மெதுவாக. "உங்க அன்பும் தெரியும். ஆனா இதை வச்சுக்கிட்டு நான் ஒண்ணும் பண்ண முடியாது. ஒருத்தருக்கு நடந்ததை மட்டும் வச்சு எதையும் நிரூபிக்க முடியாது. அந்த ஒருத்தருக்காவது நடந்துதான்னு தெரிஞ்சா, குறிப்பை அங்கேயே விட்டுட்டு, மேல ஆராய்ச்சி பண்ணிப் பார்க்கலாம். இல்லேன்னா நீக்கிடறதுதான் நியாயம்." அத்தான் பக்கம் திரும்பினார். "ஐயா, அந்தக் கூவலால உங்களுக்குப் பேச்சு வந்தது நிஜமா?"

சின்னவள் அத்தானையே பார்த்தாள். எங்கோ ஒரு சின்ன மருத்துவமனையில், சந்தா கட்ட வழியில்லாத இன்னொரு பெண், இன்னொரு கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தேடிக்கொண்டிருப்பாள். அவளுக்கு அந்த ஓரக் குறிப்பு கிடைக்குமா கிடைக்காதா என்பது இப்போது இந்த மனுஷன் வாயில் இருக்கிறது. நாற்பது வருஷமாக ஒரே தீர்ப்பு எழுதிய வாய்!

அத்தான் டீயை உறிஞ்சினார். அவசரமே படவில்லை. கோப்பையைக் கீழே வைத்தார். சின்னவளைப் பார்த்தார்.

"புளுகு," என்றார்.

மேடம் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். பெரியவள் அத்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவருடைய இடது கையை எடுத்து மடியில் வைத்துத் தட்டினாள். அத்தான் அந்தத் தாளத்தில், ஒவ்வொரு சொல்லாக, பழைய கூவலின் மெட்டிலேயே இழுத்தார்:

"பாதி... புளுகு." மூச்சு வாங்கிக்கொண்டார். "இவ பாடினா... நான் கூவினேன்..." கொழுந்தியாள் பக்கம் விரலை நீட்டினார். "இவ... திறந்துவிட்டது... அது..."

சின்னவள் ஒரு அடி முன்னால் வந்தாள்.

"ஆமா," என்றார் அத்தான். "நடந்துச்சு."