வரைபடத்து நிழல்

1

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். அக்கா ஒன்பது நாளாக என்னோடு பேசவில்லை. பேசாதவளோடு பேச எனக்குத் தெரிந்த வழிகள் இரண்டு: வரைவது, எழுதுவது. வரைந்துதான் மாட்டிக்கொண்டேன். அதனால் எழுதுகிறேன்.

புதிதாகக் கட்டும் குடியிருப்புகளில் மரம் எங்கே, பாதை எங்கே, பெஞ்சு எங்கே என்று வடிவமைப்பது என் தொழில். இந்தக் குடியிருப்பில் நானூறு வீடுகள். கார்கள் வெளிவாசலோடு நின்றுவிடும். உள்ளே எல்லாம் நடைதான். நான் வேலை தெரிந்தவள் என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. கதை முடியும்போதும் இருக்காது. (அடக்கத்தை எதிர்பார்த்து வந்தவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.)

2

முதல் தொடக்கம்: "இளங்காலை வெயில் இலைகளினூடே சிதறி" — அடித்துவிட்டேன். எந்த இலை? அங்கே இலை இல்லாததுதானே பிரச்சினை.

இரண்டாம் தொடக்கம்: "அவள் ஒரு" — இதுவும் வேண்டாம்.

நடந்ததை நேராகச் சொல்கிறேன். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. படத்தில் மரத்தை நட்ட அன்றைய அளவில் வரைய மாட்டோம். இருபது வருடம் வளர்ந்த அளவில் வரைவோம். அதன் கீழே, உயரம் புரிவதற்காக ஒரு மனித உருவத்தை ஒட்டுவோம். நான் அக்காவின் போட்டோவை வெட்டி ஒட்டினேன். தோளில் நீலப் பை, பாதி திரும்பிய முகம்.

விற்பனை அலுவலகச் சுவரில் அதைப் பார்த்ததும் அக்கா சிரித்தாள்.

"அடியே, நான் ஏற்கெனவே இங்க குடிவந்துட்டேன் போலிருக்கே."

இருந்த வீட்டை விற்றுவிட்டு வந்தாள். முழங்காலில் ஆபரேஷன் ஆனவள். தினமும் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர்.

3

வந்த மாதமே, நூலகத்துக்குப் போகிற வழியில் வெயிலில் தலைசுற்றிப் பாதையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். வீட்டிலிருந்து முந்நூற்றைம்பது மீட்டர்தான். இரு பக்கமும் நான் தேர்ந்தெடுத்த மரங்கள், குச்சியில் கட்டிய கன்றுகளாக, அவள் இடுப்பு உயரத்துக்கு. செய்தி கேட்டு ஓடினேன்.

"நீ வரைஞ்ச மரத்துக்கு என்ன வயசுடி?"

"இருபதுக்கா."

"எனக்கு?"

"ஐம்பத்தொம்பது."

"கூட்டிப் பாரு."

(என் முதல் பிரதியில் இந்த இடத்தில் நான் மன்னிப்புக் கேட்கிறேன். நிஜத்தில் கேட்கவில்லை. "எல்லாரும் அப்படித்தான்க்கா வரைவாங்க" என்றேன். வெட்கமாக இருக்கிறது.)

அன்றிலிருந்து அவள் வெளியே வரவில்லை. இந்த வீட்டையும் விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடப்போகிறாள் என்று அவள் மகன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

4

குடியிருப்பைக் கட்டிய இன்ஜினியரை இந்தக் கதையில் வில்லனாக்கிப் பார்த்தேன். ஒத்துவரவில்லை. மனிதர் நான் கொடுத்த படத்தை அச்சுப் பிசகாமல் கட்டியிருக்கிறார்.

பிறகுதான் புத்தி வந்தது. மரத்தின் நிழலுக்குத்தான் இருபது வருடம் வேண்டும். சுவரின் நிழல் இன்றே இருக்கிறது. கிழக்கு வரிசையில் மூன்று மாடி வீடுகள். காலையில் அவற்றின் நிழல் பத்தேகால் வரை சுவரடியில் கிடக்கிறது. நானோ பாதையை நடுவெயிலில், வரப்போகும் மரங்களுக்காகப் போட்டு வைத்திருக்கிறேன். மூன்று நாள் சாக்பீஸோடு அலைந்து அளந்தேன்.

நேற்று மாலை குடியிருப்போர் கூட்டத்தில் புதுப் படத்தை மாட்டினேன். மரங்கள் இடுப்பு உயரம். பாதை சுவரை ஒட்டி.

"மேடம், இப்படிக் காட்டினா மிச்ச வீட்டை யாரு வாங்குவா?" என்றார் இன்ஜினியர்.

"வாங்கினவங்க முதல்ல நடக்கட்டும், சார். பழைய படத்துல இருந்த நிழல் இங்க இல்லை. தெரிஞ்சேதான் வரைஞ்சேன்."

எல்லாரும் எழுந்து வந்து படத்தைக் கிட்டத்தில் பார்த்தார்கள். பிறகு ஒரு மாதம் சோதித்துப் பார்க்கச் சம்மதித்தார்கள்.

5

இன்று காலை அக்கா வீட்டு வாசலிலிருந்து நூலகம் வரை, சுவரோரமாகச் சுண்ணாம்புக் கோடு போட்டேன். அவள் ஜன்னல் திரை ஒருமுறை அசைந்தது. இப்போது நூலகப் படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

முடிவு ஒன்று கைவசம் இருக்கிறது: நீலப் பையோடு அக்கா நிழலில் நடந்து வருகிறாள், என்னைப் பார்த்து — இல்லை. வெட்டி ஒட்டுவது எனக்குக் கைவந்த கலை. அவளைக் கேட்காமலே ஒருமுறை அவளை ஒரு நிழலில் கொண்டுபோய் நிறுத்தினேன். மறுபடியும் செய்ய மாட்டேன்.

வேண்டுமானால் நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். இங்கிருந்து அவள் கதவு தெரிகிறது. மணி ஒன்பதரை. நிழல் இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கும். அளந்தது நான், தப்பாது. கதவைத் திறப்பது அவள் பாடு.